மன்னார்க் கிணற்றுக்கு வந்த விருந்தாளி

திருக்கேதீச்சரத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் ஆசை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். காசிக்குப் போகக் கொடுத்து வைக்கவில்லை என்றாலும் இலங்கைக்காவது போய் வரலாமே என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2024ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும், எங்கள் தோட்டத்துக் கோயில் குழுவைச் சேர்ந்த ஒன்பது பேர் புறப்பட்டோம். முழங்கால் வலியால் என் அப்பா வரவில்லை. "எனக்கு விபூதி மட்டும் கொண்டு வா, போதும்" என்று சொல்லி வாசலோடு நின்றுகொண்டார்.

கோயிலைப் பற்றி எழுதலாம் என்றுதான் குறிப்பேடு எடுத்துப் போனேன். திரும்பி வந்து புரட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் கொசுவைப் பற்றியே எழுதி வைத்திருக்கிறேன். வாசகர்கள் சிரிக்க வேண்டாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொசு ஒன்றும் வேற்றாள் இல்லையே!

அதிலும் எங்கள் வீட்டுக் கதை வேறு. அப்பாவின் அக்காள் ஒருவர் 1956-ல், ஒன்பது வயதில், குளிர்காய்ச்சலில் இறந்து போனார். ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடுமாம். மூன்று கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்காதாம். கொயினா கொடுத்தார்கள், கசப்புத் தாங்காமல் துப்பிவிட்டாள் என்று பாட்டி சாகும்வரை சொல்லி அழுவார். அந்தத் துயரம் மனத்தில் கிடந்ததாலோ என்னவோ, அப்பா வாலிபரானதும் வீடு வீடாக மருந்தடிக்கும் கூட்டத்தில் நாள் கூலிக்குச் சேர்ந்தார். தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967-ல் தொடங்கியது. லயத்துச் சுவரிலும் கூரை அடியிலும் டி.டி.டி. கரைசலை அடிப்பார்கள். சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும்.

அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். "முதல் வருசம் மருந்தடிச்சப்ப கட்டில்ல இருந்த மூட்டைப்பூச்சியெல்லாம் கொத்துக் கொத்தா விழுந்துச்சு. சனங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க. ரெண்டு மூணு வருசம் போனதும் மூட்டைப்பூச்சி திரும்பி வந்துடுச்சு. மருந்து மேலயே நடந்து போகும். அதுக்கு மருந்து பழகிடுச்சு." நானும் வகுப்பில் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பூச்சிகளுக்கு மருந்து பழகிவிடும், மாணவர்களே, என்று. அது தவறு என்று தெரிந்துகொள்ள நான் மன்னார் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

ஆற்று மணலும் ஒரு காய்ச்சலும்

கொழும்பிலிருந்து மன்னாருக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். வாடகை வேனில் கடலோரமாகவே புத்தளம் வரை போய், அங்கிருந்து அனுராதபுரம் பக்கம் திரும்பினோம். சிலாபம் தாண்டி தெதுறு ஓயா என்ற ஆற்றுப் பாலத்தில் தேநீருக்காக நிறுத்தினார்கள். பாலத்தில் நின்று அந்த ஆற்றைச் சும்மா வேடிக்கை பார்த்தேன். ஊருக்குத் திரும்பிப் படித்த பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட ஆறு என்று தெரிந்தது.

1934-ல் அந்தப் பக்கம் மழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டம் நின்று மணலில் குட்டை குட்டையாகத் தேங்கிவிட்டன. அனோபிலிஸ் குலிசிஃபேசீஸ் என்ற மலேரியாக் கொசுவுக்கு வெயில் படும் அப்படிப்பட்ட தெளிந்த குட்டைதான் பிரசவ அறை. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய காய்ச்சல் 1935-லும் தொடர்ந்தது. சுமார் 80,000 பேர் மாண்டார்கள். மழை அதிகமானால் கொசு வரும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே மழை இல்லாமல் போனதே வினையாயிற்று.

மலேரியாக் கொசுக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டு ருசி உண்டு. நம் நாட்டிலேயே பாருங்கள். 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தின் நீரை வடித்துக் காய்ச்சலை அடக்கினார். ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களில் அந்த வித்தை பலிக்கவில்லை. அங்கே ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்ததும், நிழலில் ஓடிய ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் விழும் தெளிந்த ஓடையை விரும்பும் மக்குலாட்டஸ் என்ற கொசு அங்கே குடியேறிவிட்டது. நம் முன்னோர்கள் வெட்டிய காடே அவர்களுக்கு வினையாக முடிந்தது. வெட்டச் சொன்னவர்கள் வேறு யாரோ.

மதவாச்சியில் திரும்பினால் மன்னார் ரோடு. வறண்ட காடு, இடையிடையே குளங்கள், ரோட்டைக் கடக்கும் மயில்கள். தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து இறங்கிய தொழிலாளர்கள் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தே போன வழிகள் இந்தப் பக்கந்தான் தொடங்கின. மாத்தளை வரைக்கும் நடை. காலராவும் காய்ச்சலும் பசியும் சேர்ந்து வழியிலேயே வாரிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். வேனில் அதுவரை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். இதைச் சொன்னதும் என் மாமியார் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

பெருக்கமரமும் கழுதைகளும்

மன்னார் ஒரு தீவு. கடலுக்கு நடுவே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் போய்ச் சேர வேண்டும். இருபுறமும் ஆழமில்லாத கடல், அதில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். ஊருக்குள் நுழைந்ததும் பனைமரமும் கழுதையும். கழுதைகள் கடைத்தெருவில் நம்மூர் மாடுகளைப் போலச் சாவகாசமாக நடக்கின்றன. பெருக்கமரம் ஒன்றையும் பார்த்தோம். நம்மில் பத்துப் பேர் கைகோத்து நின்றாலும் அணைப்பது கஷ்டம். அது ஆப்பிரிக்க மரம். அந்தக் காலத்து அரபு வணிகர்கள் கொண்டுவந்து வைத்தார்கள் என்கிறார்கள். கடல் கடந்து வந்து வேரூன்றியவை அந்தத் தீவில் எத்தனை என்று அப்போது வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் மனம் நிறைந்த தரிசனம். பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்துவிட்டு மாமியார் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நாங்கள் தங்கியது மன்னார் டவுனில், குழுத் தலைவருக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் வீட்டில். பின்கட்டில் வட்டமான கிணறு, அதன் மேலே மீன்வலை இழுத்துக் கட்டியிருந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் சின்னஞ்சிறு மீன்கள் கூட்டமாக ஓடின. குடிக்கிற தண்ணீரில் மீனா என்று நான் முகம் சுளித்ததை, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் பார்த்துவிட்டார். அந்த அம்மாவின் அண்ணன். எழுபது வயதிருக்கும்.

"என்ன பிள்ளை, மீனைப் பாத்துப் பயந்திட்டீங்களோ? அது சும்மா விடேல்லை. நுளம்புக்கு விட்டது."

நுளம்பு என்றால் எனக்கு விளங்கவில்லை. கொசுவைத்தான் அங்கே நுளம்பு என்கிறார்கள்.

"உங்கட நாட்டில கொசு எண்டுவியள், நாங்கள் நுளம்பு எண்டுவம். கடி ஒண்டுதான்" என்று சிரித்தார். அவர் முப்பது வருடத்துக்கு மேல் மலேரியாத் தடுப்பு வேலையில், முதுகில் மருந்துப் பம்புடன் கிராமம் கிராமமாக அலைந்தவராம். என் அப்பாவும் அதே வேலை பார்த்தவர் என்று சொன்னதும், பக்கத்தில் ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னார். தேநீரும் பனங்கட்டியும் வந்தன. பிறகு இரவுச் சாப்பாடு வரைக்கும் அந்தப் பேச்சுத்தான்.

இலங்கையின் கதை மலேரியாப் புத்தகங்களிலெல்லாம் எழுதப்பட்ட கதை. 1946 வாக்கில் அங்கே டி.டி.டி. வந்தது. இலட்சக்கணக்கில் இருந்த நோயாளிகள் குறைந்துகொண்டே வந்து, 1963-ல் நாடு முழுவதிலும் வெறும் 17 பேர்! வென்றுவிட்டோம் என்று நினைத்து மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் காய்ச்சல் கிளம்பி, 1969-ல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் படுக்க வைத்தது. மறுபடியும் டி.டி.டி.யை எடுத்தால், அது முன்போல வேலை செய்யவில்லை. குலிசிஃபேசீஸ் கொசுக்களில் நிறைய, மருந்து பூசிய சுவரில் உட்கார்ந்துவிட்டுச் சாவகாசமாகப் பறந்து போயின. எனவே 1970களில் மாலத்தியோன் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள்.

"நான் சேரேக்க மாலத்தியோன் வந்த புதுசு" என்றார் பெரியவர். "மணம் தாங்கேலாது. சனம் வீட்டுக்குள்ள விடாது. சாமானையெல்லாம் வெளியில எடுத்து வையுங்கோ எண்டு கெஞ்ச வேணும். ஆனால் ஒண்டு பிள்ளை, அந்த மருந்தை வயலுக்கு அடிக்க விடேல்லை. மலேரியாவுக்கு மட்டுந்தான். கமக்காரர் வந்து கேப்பினம், ஒரு போத்தில் தாங்கோ, மிளகாய்க்கண்டு முழுக்கப் பூச்சி எண்டு. குடுக்க மாட்டம்."

"ஏன் ஐயா, பாவம், ஒரு போத்தல் கொடுத்தால் என்ன?"

"வயலில அடிச்சால் அது தண்ணியில இறங்கும். அங்க கிடக்கிற புழுவெல்லாம் அந்த மருந்துக்குள்ள கிடந்து வளரும். சாகிறது செத்துப்போம், சாகாதது மிஞ்சும். பிறகு நான் வீட்டுச் சுவரில அடிச்சு என்ன பிரயோசனம்?"

"அதாவது கொசுவுக்கு மருந்து பழகிவிடும்."

பெரியவர் தலையை ஆட்டினார். "பழகிறதில்லைப் பிள்ளை. ஒரு நுளம்புக்குச் சீவியமே ரெண்டு மூண்டு கிழமை. அதுக்குள்ள எங்க பழகிறது? மருந்து பட்டால் செத்திடும். சாகாத பிறவியள் கொஞ்சம் மருந்து வர முதலே இருக்குங்கள். நாங்கள் மற்றதையெல்லாம் கொண்டு, அதுகளுக்கு இடம் விட்டுக் குடுக்கிறம்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவள் நான்.

ஆயிரம் பயறு

ஊருக்கு வந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் முதல் வேலையாக என் தவற்றைத் திருத்தினேன். எங்களுடையது சிறிய பள்ளி. வகுப்பில் ஆறே பேர். ஒரு தட்டில் பச்சைப்பயறு, மற்றொன்றில் கறுப்பு உளுந்து. வாசகர்களும் வீட்டில் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்க்கலாம்.

ஆயிரம் கொசு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 998 பச்சைப்பயறு, சாதாரணக் கொசு. 2 உளுந்து, பிறவியிலேயே மருந்துக்குச் சாகாத கொசு. மருந்து அடிக்கிறோம். சாதாரணக் கொசுவில் நூற்றுக்கு 95 சாகிறது. மிஞ்சுவது 50 பயறு, 2 உளுந்து. அவை முட்டையிட்டு மறுபடியும் ஆயிரமாகின்றன. பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருந்தால், இப்போது 962 பயறு, 38 உளுந்து. இரண்டாம் முறை மருந்தடித்தால் மிஞ்சுவது 48 பயறு, 38 உளுந்து. அவை பெருகி ஆயிரமானால் 442 உளுந்து! மூன்றாம் முறை அடித்தால் 28 பயறும் 442 உளுந்தும் மிஞ்சும். அதற்குப் பிறகு பிறப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு உளுந்துதான். உண்மையில் பரம்பரைக் கணக்கு இவ்வளவு நேர்கோடாகப் போகாது. ஆனால் போகும் திசை இதுதான். நல்ல வெப்பத்தில் முட்டையிலிருந்து கொசுவாக வெளிவரப் பத்து நாள் போதும். நமக்கு ஒரு தலைமுறை கடப்பதற்குள் கொசுவுக்கு நூற்றுக்கணக்கான தலைமுறை கடந்துவிடும்.

"அப்போ மருந்தே அடிக்கக் கூடாதா டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அடிக்கத்தான் வேண்டும். அந்த மருந்து இல்லாவிட்டால் என் அப்பாவின் அக்காளைப் போல இன்னும் எத்தனை பேரோ! இலங்கைக்காரர்கள் செய்ததைச் சொன்னேன். மாலத்தியோனை வயலுக்கு விடாமல் காத்ததால் அது பல வருடம் பலன் கொடுத்தது. நெல்வயலில் வளரும் நிகெரிமஸ் என்ற இன்னொரு கொசு இனமோ, விவசாயிகள் அடித்த மற்ற மருந்துகளில் ஊறி, பலவகை மருந்துக்கும் அசையாததாகிவிட்டது. ஆற்றுக் குட்டையில் வளரும் குலிசிஃபேசீஸ் அவ்வளவு சீக்கிரம் கெடவில்லை. அதிலும் 1980களின் தொடக்கத்தில் மாலத்தியோனை உடைத்துச் சீரணிக்கும் கொசுக்கள் தென்படத்தான் செய்தன. 1990களில் புதுவகை மருந்துகளுக்கு மாறி, இடத்துக்கு இடம் வேறு வேறு மருந்தாக மாற்றி மாற்றி அடித்தார்கள். போர்க்காலத்திலும் அந்த வேலை நிற்கவில்லை. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் யாருக்கும் மலேரியா பரவவில்லை. 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.

அழையாத விருந்தாளி

அந்தக் கிணற்று மீன் கதைக்கு இப்போது வருகிறேன். சான்றிதழ் வாங்கி மூன்று மாதந்தான் ஆயிற்று. 2016 டிசம்பரில், இதே மன்னார்த் தீவில், இலங்கையில் அதுவரை கண்டிராத ஒரு மலேரியாக் கொசு கிணறுகளில் அகப்பட்டது. பெயர் அனோபிலிஸ் ஸ்டீஃபென்சி. சென்னைப் பட்டணத்துக்காரர்களுக்கு அது பழைய பகையாளி. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும் நகரத்துக் கொசு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். இந்தியாவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். படகில் வந்ததோ, காற்றில் வந்ததோ, யார் கண்டது?

பெரியவர் கிணற்றைக் காட்டிச் சொன்னார்: "குலிசிஃபேசீஸ் ஆத்தைத் தேடிப் போகும். இது வீட்டுக்குள்ளயே வந்திட்டுது. மன்னாரில கிணறு இல்லாத வீடு எங்க இருக்கு?"

பிறகு யாழ்ப்பாணத்திலும் அது அகப்பட்டது. அதனிடம் மருந்துகளைச் சோதித்துப் பார்த்தவர்கள், டி.டி.டி., மாலத்தியோன், இக்காலத்துப் பைரெத்ராய்டு மருந்து ஆகியவற்றைத் தாங்குவதைக் கண்டார்கள். அதாவது அது வெறுங்கையோடு வரவில்லை. எங்கோ, எந்த ஊரிலோ, யாரோ அடித்த மருந்தில் தேறி, அந்தப் பரம்பரைச் சொத்தையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தீவுக்காரர்கள் எவ்வளவு சிக்கனமாக மருந்தைப் பயன்படுத்தியிருந்தால் என்ன? அதனால்தான் மீனும் வலையும். மீனுக்குத் தப்பிப் பிறக்கும் புழு இன்னும் வரவில்லை என்றார் பெரியவர்.

அந்தச் சொத்து என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொசுவின் நரம்பில் சோடியம் என்ற உப்புச் சத்து உள்ளே போகச் சிறுசிறு கதவுகள் உண்டு. திறந்து உடனே மூட வேண்டும். டி.டி.டி. அந்தக் கதவில் ஆப்புப் போல் செருகிக்கொண்டு மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடித்து, கொசு வலிப்பு வந்து சாகும். அந்தக் கதவு சுமார் 2,000 மணிகள் கோத்த மாலையைப் போன்றது. அதில் 1014ஆம் மணி ஒன்று மட்டும் மாறிப் பிறந்துவிட்டால் ஆப்பு சரியாகப் பொருந்தாது. இதற்குக் கே.டி.ஆர். மரபணு என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் மலேரியாக் கொசுவில் இந்த மாற்றத்தை 1998-ல் கண்டுபிடித்து எழுதினார்கள். இரண்டே ஆண்டில், கென்யாவில் அதே 1014ஆம் இடத்தில் வேறொரு மணி மாறியிருப்பதைக் கண்டார்கள். இரண்டு ஊர்க் கொசுக்களும் பேசி வைத்துக்கொண்டது போல!

இதில் பெரிய வேதனை என்னவென்றால், இன்று கொசுவலையில் தோய்க்கும் பைரெத்ராய்டு மருந்தும் அதே கதவில்தான் செருகுகிறது. ஆகவே பாட்டன் காலத்து டி.டி.டி.யில் தேறிய கொசுவின் வாரிசு, பேரன் காலத்து வலையையும் பாதி வென்றுதான் பிறக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியே என்ற இனத்திடமிருந்து இந்த மரபணு அதன் ஒன்றுவிட்ட சகோதர இனமான கொலூசிக்கும் கலப்பினால் போய்விட்டது. பருத்திக் காட்டுக்கு அடித்த மருந்தும் இதற்குத் துணை போயிற்று என்கிறார்கள். 2010 முதல் 2020 வரை விவரம் கொடுத்த 88 மலேரியா நாடுகளில் 78 நாடுகள், ஏதாவது ஒரு மருந்து வகையையாவது கொசு தாங்குவதாக உலகச் சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்கின்றன. இப்போது இரண்டு மருந்து தோய்த்த புதுவகை வலைகள் வந்திருக்கின்றன. அவற்றின் ஆயுள் எவ்வளவோ.

மன்னாருக்கு வந்த அதே ஸ்டீஃபென்சி, அதற்கு முன்பே 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில் இறங்கியிருந்தது. துறைமுக நகரம் அது. அந்த ஆண்டு அந்நாட்டில் மலேரியா கண்டவர்கள் 27 பேர். 2020-ல் 70,000-க்கும் மேல். இலங்கைக்காரர்கள் ஏன் ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்க்கிறார்கள் என்பது இந்த எண்ணைப் பார்த்தால் விளங்கும்.

நம் நாட்டில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்ளூரில் பரவும் மலேரியா இல்லை. குரங்கிடமிருந்து வரும் நொலெசி மலேரியாதான், காட்டோரத்தில் வேலை செய்பவர்களை இன்னும் பிடிக்கிறது. டெங்கிக் கொசுவுக்கும் இதே கணக்குத்தான். நம் தாமான்களில் மாதம் இரண்டு டின் ஏரோசல் வாங்கி வீடெல்லாம் அடிக்கிறோம். பின்பக்கம் கிடக்கும் பழைய டயரைக் கவிழ்க்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பாவின் டின்

விபூதிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னார்ப் பெரியவரின் பம்பு, மாலத்தியோன் வாடை, சனங்கள் கதவைச் சாத்தியது என்றெல்லாம் கேட்டபோது அப்பாவுக்கு ஒரே உற்சாகம். "எங்களையும் அப்படித்தான்மா விரட்டுவாங்க! பூனை செத்துப்போச்சுன்னு ஒரு பாட்டி விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வந்தா!" என்றார். பிறகு பயறு கணக்கைச் சொன்னேன்.

"அப்போ மூட்டைப்பூச்சிக்கு மருந்து பழகலையா?"

"இல்லப்பா. செத்தது செத்துப்போச்சு. சாகாததோட பிள்ளைங்கதான் அப்புறம் வந்தது."

அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"நாலு மணிக்கு வேலை முடியறப்ப வாளி அடியில கொஞ்சம் பவுடர் மிஞ்சும்" என்றார் மெதுவாக. "கொட்டறதுக்கு மனசு வராது. ஒரு மைலோ டின்ல போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துடுவேன். உங்கம்மா கத்திரிச் செடிக்குப் போடுவா. கோழிக்கூண்டுல தூவுவோம். லயத்துல கேக்கறவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பிடி. நல்லதுன்னுதாம்மா குடுத்தேன். பம்பு கழுவின தண்ணி பூரா கால்வாயிலதான்."

"உங்களுக்கு யார் அப்பா சொன்னாங்க, குடுக்கக் கூடாதுன்னு?"

"யாரும் சொல்லல."

மன்னார்ப் பெரியவருக்குச் சொல்லியிருந்தார்கள். என் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். அன்றைய நாள் கூலிக்காரருக்கு மருந்தைக் கலக்கும் அளவைச் சொல்லிக் கொடுத்தார்கள், காரணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது.

கைத்தொலைபேசியில் எடுத்த கிணற்றுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மீனுக்குத் தீனி என்ன போடறாங்க?"

"ஒண்ணும் போடறதில்லையாம். நுளம்புப் புழுதான்."

"என்ன புழு?"

"கொசுவை அங்க நுளம்புன்னு சொல்றாங்கப்பா."

"நுளம்பு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் வலியோடு மெல்ல நடந்து வீட்டுப் பின்பக்கம் போனார். மழைத்தண்ணீர்ப் பீப்பாயின் மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா, அந்த டார்ச் லைட்டைக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வா" என்று கூப்பிட்டார்.